ரிப்பனுக்கு இந்தப் பக்கம்

மாம்பழ வாசனை விரலில் இன்னும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக் குழாயில் வெறும் தண்ணீரில் கழுவினால் போகுமா, சப்பட்டை மாம்பழம் அப்படி லேசில் ஆளை விடாது. கையை மூக்குக்குக் கொண்டுபோகாதே சண்முகக்கனி, அந்தப் பெண் பார்க்கிறாள். பார்க்கவில்லை. பார்த்தாலும் சிரிக்கத்தான் போகிறாள், காலையிலிருந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறாள், சிரிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுப்பார்கள் போலிருக்கிறது. புது நர்ஸ், நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டையில் ஹரிணி என்று பெயர். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் டயாலிசிஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முழம் மல்லிகை, ஆயுத பூஜைக்கு என் தையல் மெஷினுக்கு நான் போடுவேனே அந்த மாதிரி. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நாங்கள், கிட்னி போய், ஒன்று விட்டு ஒரு நாள் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு போகிற ஜனங்கள், புது நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறோம். இதே அரசு ஆஸ்பத்திரிதான், இதே அறைதான், இன்றையிலிருந்து நடத்தப்போவது மட்டும் ஒரு கம்பெனி. எட்டு மணிக்கு எங்களை மெஷினில் ஏற்றியிருக்க வேண்டும். பெரிய அதிகாரி வந்து ரிப்பனை வெட்டி, முதல் மெஷினின் பொத்தானை அவர் கையால் அழுத்திய பிறகுதான் மற்றதெல்லாம் என்கிறார்கள். புறப்பட்டுவிட்டாராம். வந்துகொண்டே இருக்கிறாராம். எதிர்ச் சுவரில் புதுக் கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள், அதை மட்டும் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்து, இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இடது கையில் முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக. பிஸ்டுலா என்று பெயர். விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ர்ர்ரென்று ஓடுவது தெரியும். முதலில் பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, இப்போதெல்லாம் தூக்கம் வராவிட்டால் அதைத் தொட்டுக்கொண்டே கிடப்பேன், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும், ஏதோ வேலை நடந்துகொண்டிருக்கிறது, நாம் தூங்கலாம் என்று தோன்றும். இப்போதும் ஓடுகிறது. ஓடுகிறது, ஓடுகிறது, நடுவில் ஒரு தையல் விட்டுப்போகிறது. இல்லை, மனசு. மறுபடி ஓடுகிறது பார். மறுபடி விட்டுப்போனது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதே, அதுவும் மனசா? மாம்பழப் பாலாக இருக்கும், காம்புப் பக்கம் கடித்தேன், பால் பட்டால் அரிக்கத்தான் செய்யும். பால் பட்டால் புண்ணாகும், எறும்பு ஊராது. குருசாமி அண்ணன் ஞாபகம் இப்போது வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், எங்களோடு இதே அறையில் டயாலிசிஸுக்கு வந்தவர், எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டுக்கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய், வெயிலாக இருக்கிறதே என்று இளநீர் குடித்தார். திங்கட்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. வலியே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார், பொட்டாசியம் ஏறினால் இதயம் சத்தம் போடாமல் நின்றுவிடும், மெஷினில் ஏறினால் இறங்கிவிடும், ஏறாவிட்டால் இறங்காது, அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என் கையால் வீட்டிலிருந்த வாழைப்பழத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அந்தச் சண்முகக்கனிதான் இன்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இரண்டு மாம்பழம் தின்றிருக்கிறாள். இரண்டு. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

திருடித் தின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. டயாலிசிஸ்காரர்களுக்குப் பழம் ஆகாது, இளநீர் ஆகாது, கீரை ஆகாது, தக்காளி ஆகாது, பச்சைத் தண்ணீரே அளந்துதான். ஆனால் மெஷினில் ஏறிய முதல் ஒரு மணி நேரம் மட்டும் எங்களுக்குத் தீபாவளி. அப்போது தின்றால் மெஷினே இழுத்துக்கொண்டுபோய்விடும். இது எந்தச் சுவரிலும் ஒட்டியிருக்காது, எந்த டாக்டரும் சொல்லமாட்டார், கேட்டால் கூரையைப் பார்ப்பார். மரகதம் சிஸ்டர் ஊசியைக் குத்தி, குழாயில் சிவப்பு ஓட ஆரம்பித்ததும், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொல்லும், "ம், திருட்டுப் பண்டத்தை எடுங்க." சவரிமுத்து அண்ணாச்சி சர்பத் பாட்டிலில் கொண்டுவந்த இளநீரைத் திறப்பார். வள்ளிமயில் அக்கா மட்டும் எதையும் தொடாது, விரதக்காரி, நாங்கள் தின்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் டிபன் டப்பாவில் மாம்பழத் துண்டு வைத்திருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் சப்புவேன், கொட்டையைக் கூட விடமாட்டேன். சிஸ்டர் திட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்கும். "தின்னுங்க, தின்னுங்க, செத்துப்போனா எம்பேரச் சொல்லாதீங்க." அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு தின்றால்தான் ருசி. அந்தச் சிஸ்டரை இப்போது எதிர்க் கட்டிட மாடியில் பிரசவ வார்டுக்குப் போட்டுவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் போன வாரம் எங்களையெல்லாம் உட்காரவைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். உள்ளே சாப்பாட்டுக்கு அனுமதியில்லை, கிருமி வரும். நியாயம்தான், எறும்பு வந்தது உண்மை, ஒரு தடவை எலியே வந்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டை மீறுகிறவர்களை இங்கே வைத்துப் பார்க்க முடியாது, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். அதைச் சொல்லும்போது மேனேஜர் தம்பி வாய் நிறையச் சிரித்தான்.

ஆக, மாம்பழக் காலம். சப்பட்டை வருவதே கொஞ்ச நாள்தான். உள்ளே தின்ன முடியாது, வீட்டில் தின்றால் ஏறும் வரைக்கும் உள்ளேயே கிடக்கும். அப்போது என் மண்டையில் ஒரு கணக்கு உதித்தது. கவர்மெண்டு என்றால்தான் எட்டு மணி ஒன்பதாகும், ஒன்பது பத்தாகும். கம்பெனிக்காரன் எட்டு என்றால் எட்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தின்றுவிட்டு நடந்தால் பழம் வயிற்றில் இறங்குவதற்குள் நான் மெஷினில் ஏறியிருப்பேன். தையல்காரி போடுகிற கணக்கு, துணி கொஞ்சம் குறைந்தாலும் இழுத்துத் தைத்துவிடலாம் என்கிற கணக்கு. கம்பெனியை நம்பித் தின்றேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நிஜம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அது போதாதென்று வெள்ளிக்கிழமை வேறு, சாமான்களை ஒப்படைக்க வேண்டும் என்று எங்களைப் பாதியிலேயே இறக்கிவிட்டார்கள், பாதி அழுக்கு உள்ளேயே நின்றுவிட்டது, அப்புறம் சனி, ஞாயிறு. அதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் இரண்டாவது பழத்தை எடுத்தேன் பாரு, அந்தக் கையை வெட்ட வேண்டும். அதைவிடக் கொடுமை, ருசி ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. வாசனை இருக்கிறது, நார் பல்லிடுக்கில் இருக்கிறது, இனிப்பாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. மணியைப் பார்ப்பதும் கடிப்பதும், தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதும் கடிப்பதுமாக முடிந்துபோனது.

கம்பெனி வர வேண்டும் என்று இந்த வரிசையிலேயே அதிகம் ஆசைப்பட்டவள் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மழை பெய்தால் மெஷின் மேலேயே சொட்டும், சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைக்கும், டொக் டொக்கென்று நாலு மணி நேரமும் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரு தடவை தண்ணீர் சுத்தம் பண்ணுகிற இயந்திரம் கெட்டுப்போய், உதிரி சாமானுக்கு எழுதிப்போட்டிருக்கிறோம், எழுதிப்போட்டிருக்கிறோம் என்றே வாரத்தை ஓட்டினார்கள், மூச்சு முட்டி, கால் வீங்கி, நான் படுத்தால் சாவேன் என்று உட்கார்ந்தே தூங்கினேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எந்தச் சாமியாலும் அடக்கியிருக்க முடியாது. சவரிமுத்து அண்ணாச்சி மில்லில் யூனியன்காரர், அவருக்கும் எனக்கும் இதில் ஓயாத சண்டை. "கவர்மெண்டு ஆஸ்பத்திரின்னா நம்ம சொந்த வீடு தாயி. ஒழுகுனாலும் நம்ம வீடு. வாடகை வீட்டுல டைல்ஸ் போட்டுருப்பான், ஒரு ஆணி அடிக்க விடமாட்டான்" என்பார். "ஒழுகுற வீட்டுல ஏனம் வச்சுத் தண்ணி பிடிக்கறவளுக்குத்தான் அண்ணாச்சி வலி தெரியும். உங்களுக்கு என்ன, கொடியப் பிடிச்சிட்டுப் போயிருவீங்க" என்பேன். இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அவர் இளநீரில் எனக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பார், நான் மாம்பழத்தில் ஒரு துண்டு நீட்டுவேன். போன வாரக் கூட்டத்தில் கம்பெனிக்காரர் புது நாற்காலிப் படத்தைக் காட்டியபோது முதலில் கைதட்டியது நான். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. ஏசி நன்றாக இருக்கிறது, குளிர்கிறது, குளிரில்தான் நடுங்குகிறேனா? எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தெரியாமல்தானே மனுசப் பிறவி கையை நீட்டுகிறது.

மதுரைக்கு அனுப்புவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், என் மகன் பாலகுரு விஷயத்திலேயே தெரிந்துகொண்டேன். மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும்போது கூப்பிட்டுவிட்டார்கள், நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அவ்வளவு மரியாதையாக டீசியைக் கையில் கொடுத்தார்கள். பையன் மோசம் என்று சொல்லவே இல்லை. அவனுக்கு வேறு சூழ்நிலை நல்லது என்றார்கள். அடுத்த வருசம் அந்தப் பள்ளி வாசலில் பெரிய பேனர், பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. தேறமாட்டான் என்று தோன்றினவனையெல்லாம் வெளியே தள்ளினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்? பாலகுருவைக் கவர்மெண்டு பள்ளியில்தான் சேர்த்தேன். கூரை சரியில்லாத பள்ளி, வாத்தியார் பாதி நாள் வராத பள்ளி, ஆனால் வராதே என்று அவனை யாரும் சொல்லவில்லை, தட்டுத்தடுமாறித் தேறிவிட்டான், இப்போது கோயம்புத்தூரில் வெல்டராக இருக்கிறான். இந்தக் கம்பெனிக்கும் ஒரு பேனர் இருக்கும். எங்கள் யூனிட்டில் எல்லோருக்கும் பொட்டாசியம் சரி, எல்லோருக்கும் எடை சரி. சரியில்லாதவர்கள் மதுரையில் இருப்பார்கள். இங்கிருந்து மதுரைக்குப் போய், டயாலிசிஸ் முடித்து, கண் இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும், அதுவும் ஒன்று விட்டு ஒரு நாள். முடியாது. என்னால் முடியாது. கொஞ்ச நாள் போவேன், அப்புறம் ஒரு நாள் இன்றைக்குப் போகவில்லை என்பேன், அப்புறம் என் நாற்காலியும் காலியாக இருக்கும். அதனால்தான் பொய் சொன்னேன். காலையில் ஹரிணி ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமாக வந்தாள். "மேடம், லாஸ்ட் செஷனுக்கு அப்புறம் பழம், இளநீர், கீரை ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, சும்மா சொல்லுங்க." சும்மா சொல்லுங்க. நாக்கு என்னைக் கேட்காமலே "இல்ல" என்றது. அவள் டொப்பென்று ஒரு தட்டுத் தட்டினாள், பச்சையாக ஒரு குறி வந்தது. மரகதம் சிஸ்டராக இருந்தால் கேட்டே இருக்காது. முகத்தைப் பார்த்தே, "என்னத்தத் தின்னுட்டு வந்து நிக்கிற?" என்றிருக்கும். முதுகில் ஒரு அடி, கையில் ஊசி.

சொல்லிவிடலாம். இப்போதே எழுந்துபோய், அம்மா, தப்புப் பண்ணிவிட்டேன், என்னை மட்டும் முதலில் ஏற்றிவிடு என்று ஹரிணி காதோடு சொல்லிவிடலாம். சொன்னால் மதுரை. சொல்லாவிட்டால்? அதிகாரி வந்துவிடுவார், வந்தால் உடனே ஏற்றிவிடுவார்கள், நாலு மணி நேரத்தில் எல்லாம் கழுவிப் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. வராவிட்டால்? மாடியேறி மரகதம் சிஸ்டரிடம் போகலாம். படியை நினைத்தாலே தொடை கனக்கிறது, ஈர மணலில் கால் புதைந்த மாதிரி. சும்மா உட்கார்ந்திருப்பதால் மரத்துப்போயிருக்கும். விரலை வைத்துப் பார். ஓடுகிறது. முன்னைவிட மெதுவாக ஓடுகிறதோ? எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை, ஊரில் எல்லோரிடமும் எனக்கென்ன, போனால் நிம்மதி என்று வீறாப்புப் பேசியிருக்கிறேன், எல்லாம் பொய். அடுத்த மாம்பழக் காலத்தைப் பார்க்க வேண்டும். பாலகுருவுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு முதல் சட்டை நான் தைக்க வேண்டும். யாராவது பேசினால் தேவலை. இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு சத்தம் இல்லை, பழைய அறையில் என்றால் இந்நேரம் சந்தை மாதிரி இருக்கும். அண்ணாச்சியாவது வாயைத் திறந்து கம்பெனியை நாலு வார்த்தை வையலாம், இன்றைக்கு வையாமல் என்றைக்கு வையப்போகிறார்? திறப்பு விழா, ரிப்பன், மல்லிகைப்பூ, அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். "என்ன அண்ணாச்சி, உங்க ஆளுக கொடி பிடிக்க வரலியா?" என்று கேட்டேன். திரும்பவில்லை. "ம்" என்றார். என் மேல் கோபம் போல. அன்றைக்குக் கைதட்டினேனே, அது ஆறவில்லை போல. இருக்கட்டும், எனக்கும் பேச்சு ஓடவில்லை.

வெளியே ஹாரன் சத்தம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மேனேஜர் தம்பி வேகமாக வந்து, "எல்லாரும் எழுந்து நில்லுங்க, சார் உள்ள வந்ததும் ஒரு கைதட்டு" என்றான். அப்பாடா என்றிருந்தது, அவ்வளவுதான், வந்துவிட்டார், தப்பித்தேன், யாருக்கும் தெரியப்போவதில்லை. கைப்பிடியை அழுத்தி எழுந்தேன், முழங்கால் ஒரு தரம் மடங்கப் பார்த்தது, நின்றுவிட்டேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி மட்டும் உட்கார்ந்திருந்தார். அதிகாரி, கூட ஒரு கூட்டம், கேமராக்காரர், தட்டில் கத்தரிக்கோல், எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது, அண்ணாச்சி உட்கார்ந்தே இருக்கிறார். மேனேஜர் குனிந்து, பல் தெரிய, "சார், ப்ளீஸ், உங்க எதிர்ப்பையெல்லாம் இன்னொரு நாள் காட்டுங்க" என்றான். வரிசையில் யாரோ, யூனியன்காரர் விட்டுக்கொடுப்பாரா என்று முணுமுணுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு கழன்று கிடந்தது. கட்டைவிரல் அதைத் தேடித் தேடித் தரையில் இழுத்துக்கொண்டிருந்தது, எழுந்திருக்கத்தான் பார்க்கிறார், கால் கேட்கமாட்டேன் என்கிறது. உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டே இருந்தார், எறும்பைத் துடைப்பது போல. குனிந்து காதோடு கேட்டேன், "அண்ணாச்சி, என்ன சாப்பிட்டீங்க?" "சும்மா இரு தாயி." "என்ன சாப்பிட்டீங்க?" "எளநி." மூச்சு வாங்கினார். "உள்ள விடமாட்டான்னு, வாசல்லயே குடிச்சிட்டேன்." நான் மாம்பழம் என்றேன். அந்த நிலைமையிலும் அவர் கண் லேசாகச் சிரித்தது. "சொல்லிராத. என்னால மதுரைக்குப் போய்வர முடியாது." என்னாலும் முடியாது அண்ணாச்சி. என்னாலும் முடியாது என்று எனக்குத் தெரியும், அது தெரிந்துதான் வாயைத் திறந்தேன். குருசாமி அண்ணனுடைய நாற்காலி கண்ணை விட்டுப் போகவில்லை, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

"ஏ ஹரிணி, இங்க வா" என்றேன், கடையில் துணியை ஒழுங்காகப் பிடி என்று அதட்டுகிற குரலில். அதிகாரி கையில் கத்தரிக்கோலோடு திரும்பிப் பார்த்தார். "இவரு எளநி குடிச்சிருக்காரு. நான் மாம்பழம் தின்னுருக்கேன், ரெண்டு. ரெண்டு பேரும் உங்கிட்டப் பொய் சொல்லிட்டோம். இவருக்குக் கால் வரல, பாரு." ஹரிணியின் சிரிப்பு அணைந்துபோனது. அது போன பிறகுதான் அவளுக்கு ஒரு முகம் இருப்பது தெரிந்தது. அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், ஓரத்தில் கிடந்த சக்கர நாற்காலியை இழுத்தாள். மேனேஜர், "ரெண்டே நிமிஷம் ஹரிணி, ரிப்பன் முடிஞ்சிரட்டும், அப்புறம்" என்றான். "ரெண்டு நிமிஷம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது சார்" என்றாள். "யாராவது காஷுவாலிட்டிக்குப் போய் டாக்டரக் கூட்டிட்டு வாங்க. ஓடுங்க." மேனேஜர், "அது கவர்மெண்டு ஸ்டாஃப், நம்ம யூனிட் இல்ல" என்று தொடங்கினான். முடிப்பதற்குள், துணைக்கு வந்திருந்த வள்ளிமயில் அக்காவின் புருசன் ஓடிவிட்டார். ஹரிணி அண்ணாச்சியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நேரே கதவுக்குத் தள்ளினாள், ரிப்பன் அவர் நெஞ்சில் பட்டு இழுத்துக்கொண்டே போய் அறுந்தது, ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் மாதிரி. என்ன நடக்கிறதென்று புரியாமல் பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அதிகாரி கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார், பாவம், அவருக்கும் எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

இப்போது நான் மெஷினில் இருக்கிறேன். ஊசி இறங்கியாகிவிட்டது, குழாயில் சிவப்பு ஓடுகிறது. காஷுவாலிட்டி டாக்டர் அண்ணாச்சிக்கு நரம்பில் ஒரு ஊசி போட்டுவிட்டு, நெஞ்சில் ஒயரை ஒட்டி, ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார், அப்புறம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிழைத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை, டாக்டர் முகத்தைப் பார்த்து நானே எடுத்துக்கொண்டேன். ஹரிணி கதவருகே நின்று, அறுந்த ரிப்பனுக்கு அந்தப் பக்கம் மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து, "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். கையில் டேப்லெட். அதில் எல்லோருக்கும் பச்சைக் குறிதான், எல்லோரும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறோம். அப்புறம் வள்ளிமயில் அக்கா, எதையும் தொடாத விரதக்காரி, எங்களைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்கிறவள், சேலை நுனியை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "ஒரு வாழைப்பழம்மா. சின்னதுதான்." அவளுக்குப் பின்னால் ஒருவர் இருமினார். "கொஞ்சம் தக்காளிச் சட்னி." ஹரிணி ஒவ்வொருவராகப் பார்த்தாள். டேப்லெட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் என் மெஷினுக்கு வந்து குழாயைச் சரிபார்த்தாள். "என்னைய மதுரைக்கு எழுதிருவியாம்மா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. "தெரியலக்கா" என்றாள். காலையிலிருந்து மேடம், மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அதிகாரியும் மேனேஜரும் வெளியே நின்று ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், எங்களைப் பற்றித்தான் இருக்கும். புதன்கிழமை இந்த நாற்காலி எனக்கு உண்டோ இல்லையோ, அது அவர்கள் கையில் இருக்கிறது. இன்றைக்குத் திங்கட்கிழமை, இன்றைக்கு ரத்தம் ஓடுகிறது. பக்கத்து மெஷினில் அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மெல்ல இந்தப் பக்கம் தலையைத் திருப்பி, "தாயி, பழம் இனிச்சுச்சா?" என்று கேட்டார். பல்லிடுக்கில் நார் இன்னும் இருந்தது, நாக்கால் தடவிப் பார்த்தேன். "ருசியே தெரியல அண்ணாச்சி, பயந்து பயந்து தின்னது" என்றேன்.

"எனக்குந்தான் தாயி" என்றார்.